ஆயிரம் மின்முனை என்ற மயக்கம்

மூளைக்குள் பதிக்கும் கருவிகளைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் மின்முனைகளின் எண்ணிக்கைதான் தலைப்பில் நிற்கிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் நார்மன் உருவாக்கிய ஊசிப்படுகையில் 100 மின்முனை. 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதல் மனிதருக்குப் பொருத்திய கருவியில் 1,024 மின்முனை. ஆகவே பத்து மடங்கு முன்னேற்றம் என்கிறார்கள். இன்னும் சில பத்து மடங்குகள் வந்துவிட்டால் மூளையின் பூட்டே திறந்துவிடும் என்று முதலீட்டாளர்கள் நம்புகிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன, பொறியியல் மாணவர்களும் அப்படியே நினைத்துக்கொண்டு துறைக்குள் வருகிறார்கள். இந்தக் கணக்கு தவறானது என்பதே என் வாதம். மின்முனைகளுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கருவியின் தரத்தை அளக்க அவற்றின் எண்ணிக்கை உதவாது என்கிறேன். கம்பியில்லாமல், மண்டையோட்டுக்குள் மூடி வைக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய கருவிக்கு எல்லை வகுப்பது மின்செலவு. ஒரு மைக்ரோவாட்டுக்கு எவ்வளவு பயனுள்ள தகவல் கிடைக்கிறது, அது எத்தனை ஆண்டு தடையில்லாமல் கிடைக்கிறது என்று கேட்டால்தான் எது முன்னேற்றம், எது வெறும் பெருக்கம் என்று பிரித்தறிய முடியும்.

முதலில் இயற்பியலைப் பார்ப்போம். ஒரு நியூரான் துடிக்கும்போது அருகிலுள்ள மின்முனையில் எழும் மின்னழுத்தம் பெரும்பாலும் 50 முதல் 500 மைக்ரோவோல்ட் வரைதான். டார்ச் பேட்டரியின் ஒன்றரை வோல்ட்டைப் பதினைந்தாயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு 100 மைக்ரோவோல்ட். இவ்வளவு சன்னமான சமிக்ஞையைக் கேட்க ஒவ்வொரு மின்முனைக்குப் பின்னாலும் ஒரு பெருக்கி வேண்டும். அந்தப் பெருக்கியின் டிரான்சிஸ்டர்களும் சொந்தமாக இரைச்சலை உண்டாக்கும். இரைச்சலைப் பாதியாகக் குறைக்க வேண்டுமென்றால் மின்னோட்டத்தை நான்கு மடங்காக்க வேண்டும். இந்த விதியிலிருந்து எந்த நிறுவனமும் தப்ப முடியாது. 2003-இல் யூட்டாவைச் சேர்ந்த ரீட் ஹாரிசனும் கேமரன் சார்ல்ஸும் வெளியிட்ட பெருக்கி இத்துறையில் எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக நெடுநாள் இருந்தது. அதன் இரைச்சல் 2.2 மைக்ரோவோல்ட், மின்செலவு 80 மைக்ரோவாட். ஒன்றுக்கு 80 மைக்ரோவாட் என்பது சொற்பம். ஆயிரத்துக்கு என்றால் பெருக்கிகளுக்கு மட்டுமே 80 மில்லிவாட். செலவாகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகிறது. உடலுக்குள் பதிக்கும் கருவிகளுக்கான சர்வதேசத் தரம், கருவியின் வெளிப்பரப்பு உடல் வெப்பத்தைவிட 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் கூடாது என்கிறது. மூளைத் திசுவை ஒட்டியிருக்கும் பகுதிக்கு ஒரு டிகிரியையே எல்லையாக வைத்துக்கொள்ளும் வடிவமைப்பாளர்கள் பலர். ஹாரிசனுக்குப் பிறகு வந்தவர்கள் ஒரு மின்முனைக்கான செலவைப் பல மடங்கு குறைத்திருக்கிறார்கள். 1,024 என்ற எண் இன்று சாத்தியமாகியிருப்பதே அவர்கள் உழைப்பால்தான். தலைப்புச் செய்தியில் அவர்களுக்கு இடமில்லை.

பெருக்கியைத் தாண்டினால் அடுத்த செலவு ரேடியோ. 1,024 மின்முனைகளையும் வினாடிக்கு 20,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 10 பிட்டில் எழுதினால் வினாடிக்கு 20 கோடி பிட்டுக்கு மேல் சேரும். நியூராலிங்க் கருவி கம்பியில்லாமல் வெளியே அனுப்பக்கூடியது வினாடிக்குச் சுமார் 10 லட்சம் பிட். இது எதிரிகள் சொன்ன குறையன்று. 2024-இல் அந்த நிறுவனமே பொதுவெளியில் ஒரு சவால் விடுத்தது: இந்தத் தரவை 200 மடங்குக்கு மேல் சுருக்கித் தர வேண்டும், ஒரு மில்லிவினாடிக்குள் சுருக்க வேண்டும், ரேடியோவையும் சேர்த்து 10 மில்லிவாட்டுக்குள் முடிக்க வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளையும் சேர்த்துப் படித்தால் உண்மை நிலை புரிந்துவிடும். ஆயிரம் மின்முனைகளைப் பதித்தவர்களிடமே, அவை கேட்பதை முழுதாக வெளியே கொண்டுவர வழியில்லை. வெளியே வருவது எது, உள்ளேயே கழிக்கப்படுவது எது என்று தீர்மானிக்கும் சில மில்லிவாட் சுற்றில்தான் கருவியின் திறமை அடங்கியிருக்கிறது.

"பிரௌன் பல்கலைக்கழகம் உருவாக்கிய கம்பியில்லாக் கருவி முழுத் தரவையும் அனுப்பிக் காட்டிவிட்டதே" என்று கேட்பவர்கள் உண்டு. பிரெயின்கேட் ஆய்வுக் குழு 2021-இல் வெளியிட்ட அந்த ஆய்வு மதிப்புக்குரியது. கைகால் செயலிழந்த இரண்டு பேர் தங்கள் வீட்டிலேயே, கேபிள் இல்லாமல், கம்ப்யூட்டர் திரையை எண்ணத்தால் இயக்கினார்கள். பேட்டரி 36 மணி நேரம் நின்றது. ஆனால் அந்த ரேடியோவும் பேட்டரியும் இருந்தது தலைக்கு வெளியே. மண்டையோட்டில் திருகி, தோலைத் துளைத்துக்கொண்டு நிற்கும் உலோகக் குமிழின் மேல் அவை பொருத்தப்பட்டிருந்தன. வெப்பம் காற்றில் கலந்துவிடும். பேட்டரி தீர்ந்தால் கையால் மாற்றிக்கொள்ளலாம். தோலில் நிரந்தரமாக ஒரு வாசல் திறந்திருப்பதால் தொற்று அபாயமும் நிரந்தரம். தோலை மூடிவிட வேண்டும் என்ற முடிவுக்கு வந்த கணமே 36 மணி நேரப் பேட்டரி பயனற்றுப் போகிறது, மின்செலவுக் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது.

சரி, கழிப்பதால் நஷ்டம் உண்டா? இந்தக் கேள்விக்குத்தான் கடந்த பத்தாண்டு ஆய்வுகள் தெளிவான பதில் தந்திருக்கின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சிண்டி செஸ்டெக்கின் குழு, நியூரான் துடிப்பின் முழு அலைவடிவத்தையும் பதிவுசெய்வதை விட்டுவிட்டு, 300 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் மொத்தச் சக்தி எவ்வளவு என்று மட்டும் அளந்தது. வினாடிக்கு 20,000 அல்லது 30,000 தடவை அளப்பதற்குப் பதில் 2,000 தடவை போதுமானதாயிற்று. விரலசைவை ஊகித்துச் சொல்வதில் இந்த எளிய அளவு பழைய முறைக்கு இளைத்ததாக இல்லை, சில சோதனைகளில் அதை மிஞ்சியது. மின்செலவோ பத்தில் ஒன்றளவுக்கு இறங்கியது. 2020-இல் இது வெளிவந்த அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டில் கிருஷ்ணா ஷெனாயின் குழு வேறொரு வழியில் அதே முடிவை எட்டியது: அசைவைப் படித்தறியும் கருவிக்குப் பெருக்கியின் துல்லியத்தையும் அளக்கும் வேகத்தையும் தாராளமாகக் குறைக்கலாம், மின்செலவு பத்து மடங்கு குறையும், பலன் குறையாது. காரணம் எளிது. கையை எந்தப் பக்கம் அசைக்க நினைக்கிறோம் என்ற செய்தி ஒரு தனி நியூரானில் இல்லை, ஒரு கூட்டத்தில் பரவியிருக்கிறது. தேர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அறிய, வடம் பிடித்த ஒவ்வொருவரின் கைவிசையையும் தனித்தனியே அளக்க வேண்டியதில்லை. எந்தத் துடிப்பு எந்த நியூரானுடையது என்று பிரிக்கும் வேலையைக் கைவிட்டாலும் கூட்டத்தின் போக்கு மாறாமல் தெரிகிறது என்பதை 2019-இல் ஷெனாய் குழுவே வேறோர் ஆய்வில் காட்டியிருந்தது.

எண்ணிக்கை வாதத்துக்கு எதிரான வலுவான சான்றை நியூராலிங்கின் முதல் நோயாளியே தந்தார். அறுவைசிகிச்சை முடிந்த சில வாரங்களில் மூளைக்குள் செருகப்பட்டிருந்த 64 இழைகளில் பல பின்வாங்கிவிட்டன. வேலை செய்யும் மின்முனைகள் குறைந்துபோனதை நிறுவனம் 2024 மே மாதம் ஒப்புக்கொண்டது. சுமார் 85 சதவீத இழைகள் விலகிவிட்டதாகச் செய்திகள் வந்தன. மின்முனை எண்ணிக்கைதான் திறனைத் தீர்மானிக்கிறது என்றால் அந்த மனிதரின் கர்சர் அன்றோடு முடங்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. நியூரான் கூட்டத்தின் சமிக்ஞையை இன்னும் நுட்பமாக உணரும்படி பதிவுமுறையை மாற்றினார்கள், அதைக் கர்சர் அசைவாக மாற்றும் கணக்கையும் திரையின் அமைப்பையும் செப்பனிட்டார்கள். வேகம் முன்பிருந்த அளவைத் தாண்டியது. விலகிய இழைகள் திரும்ப ஒட்டவில்லை, புதிய மின்முனை எதுவும் சேரவில்லை. பிந்தி வந்த வெற்றியைக் கொண்டாடிய அதே செய்திகள் 1,024 என்ற எண்ணையும் விடாமல் தூக்கிப் பிடித்ததுதான் வருத்தம்.

இங்கே நேர்மையான மறுப்பு ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது. கர்சரை நகர்த்துவது எளிய வேலை, பேச்சை மீட்பதுதான் கடினம், அதற்கு மின்முனைகள் நிறைய வேண்டும் என்கிறார்கள். உண்மைதான். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு குழு, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோயால் பேச்சை இழந்த ஒருவரின் மூளையிலிருந்து நிமிடத்துக்கு 62 சொற்களை எழுத்தாக்கியது; மின்முனைகள் கூடக் கூடப் பிழை குறைந்துகொண்டே போவதையும் அதே கட்டுரை வரைந்து காட்டியது. அடுத்த ஆண்டு டேவிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு 256 மின்முனைகளைக் கொண்டு 97 சதவீதத்துக்கு மேல் துல்லியம் கண்டது. மின்முனைகளைக் கூட்டியதால் ஒரு மனிதர் தன் குடும்பத்தோடு மறுபடி பேச முடிந்தது என்றால் அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் ஸ்டான்ஃபோர்டு குழு கணினிக்குக் கொடுத்தது என்ன என்று அருகே போய்ப் பாருங்கள். 128 மின்முனைகள், ஒவ்வொன்றிலிருந்தும் 20 மில்லிவினாடிக்கு ஒரு தடவை இரண்டே எண்கள். ஒன்று, சமிக்ஞை ஒரு வரம்பை எத்தனை முறை தாண்டியது என்பது. மற்றது, துடிப்புப் பட்டையின் சக்தி. ஓர் எண்ணுக்கு 8 பிட் வைத்தால் 256 எண்கள், வினாடிக்கு 50 தடவை, ஆக 1,02,400 பிட். அதே 128 மின்முனைகளை வினாடிக்கு 30,000 தடவை 16 பிட்டில் அளந்து அனுப்பினால் 6 கோடியே 14 லட்சம் பிட். அறுநூறு மடங்கு வித்தியாசம். பேச்சு என்ற மிகக் கடினமான வேலையே அறுநூறில் ஒரு பங்கு தரவில் நடந்திருக்கிறது. இரண்டு குழுக்களிடமும் அந்தப் பேச்சு தோலைத் துளைத்த குமிழ் வழியாகக் கேபிளில் ஓடி, அறையிலிருந்த கணினிகளைச் சேர்ந்தது. அதைக் கம்பியில்லாமல் தலைக்குள் மூட வேண்டுமானால், அந்த இரண்டு எண்களை மின்முனைக்குப் பக்கத்திலேயே மிகக் குறைந்த மின்சாரத்தில் கணக்கிடும் சிப் வேண்டும். அந்த சிப் கையில் இருந்தால் மின்முனைகளை அச்சமில்லாமல் கூட்டலாம். இல்லாவிட்டால் கூட்டிய மின்முனைகள் வெப்பமாகத்தான் முடியும்.

நரம்போடு பேசும் கருவிகளில் அதிகம் பேருக்குப் பயன்பட்டது, காதுக்குள் பொருத்திக் கேட்க வைக்கும் காக்ளியர் இம்ப்ளாண்ட். உலகெங்கும் பத்து லட்சத்துக்கு மேல் பொருத்தியாகிவிட்டது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாமல் பிறந்த குழந்தைகளுக்குப் பொருத்துவதும் இந்த வகைக் கருவிதான். 1985-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்த நியூக்ளியஸ் கருவியில் 22 மின்முனை. நாற்பது ஆண்டு கழித்தும் அதைத் தயாரிக்கும் நிறுவனம் 22 மின்முனையோடுதான் விற்கிறது. போட்டி நிறுவனங்கள் 16 மின்முனை, 12 மின்முனை வைக்கின்றன. இந்த நாற்பதாண்டில் கேட்கும் திறன் தேங்கி நிற்கவில்லை. 1991-இல் பிளேக் வில்சன் குழு வெளியிட்ட புதிய முறைதான் பெரிய தாவல். எல்லா மின்முனைகளிலும் ஒரே சமயத்தில் மின்சாரம் பாய்ச்சாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு துடிப்புகளாகக் கொடுத்தார்கள். காதுக்குள் ஏற்கெனவே இருந்த மின்முனைகளை மாற்றாமலே, அதே நோயாளிகள் பேச்சைப் புரிந்துகொள்ளும் அளவு சட்டென உயர்ந்தது. 1995-இல் ராபர்ட் ஷானன் குழு, நல்ல செவித்திறன் உள்ளவர்களுக்குப் பேச்சை நான்கே அதிர்வெண் பட்டைகளாக மழுக்கிக் கொடுத்தபோதும், அமைதியான சூழலில் அவர்கள் ஏறத்தாழ முழுமையாகப் புரிந்துகொண்டதைக் காட்டியது. சந்தடி நிறைந்த இடத்திலும் இசையிலும் இது போதாது என்பது மெய். ஆனால் அங்கே தடையாக இருப்பது ஒரு மின்முனையின் மின்சாரம் அடுத்ததின் எல்லைக்குள் பரவுவதுதான். மின்முனையைக் கூட்டினால் அந்தப் பரவல் குறையாது. குழந்தை இந்தக் கருவியின் வெளிப்பகுதியைக் காலை முதல் இரவு வரை காதில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய் வருகிறது. ஒரு நாள் முழுக்கப் பேட்டரி தாங்க வேண்டும் என்ற கட்டாயம்தான் அந்தத் துறையைச் சிக்கனமாகச் சிந்திக்க வைத்தது.

கருவி நெடுங்காலம் உழைப்பதன் மதிப்பு வலிப்பு நோயில் இன்னும் நன்றாகத் தெரிகிறது. நியூரோபேஸ் நிறுவனத்தின் ஆர்.என்.எஸ். கருவிக்கு 2013-இல் அனுமதி கிடைத்தது. அதில் பதிவுத் தடங்கள் நான்கே நான்கு. மூளையை இடைவிடாமல் கவனித்து, வலிப்பு கிளம்பும் அறிகுறி தெரிந்தால் மட்டும் சிறு மின்துடிப்பு கொடுக்கும்; ஒரு நாளில் மொத்தத் தூண்டல் நேரம் பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்கும் குறைவு. ஒன்பது ஆண்டு தொடர்ந்து பார்த்ததில் வலிப்புகள் நடுமதிப்பில் 75 சதவீதம் குறைந்தன. இந்தக் கருவி அறிவியலுக்குத் தந்தது இன்னும் பெரிது. 2018-இல் மாக்ஸிம் போட் குழு, 37 பேருடைய கருவிகள் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, வலிப்புச் சார்ந்த மூளைச் செயல்பாடு நாள் சுழற்சியோடு, பல நாள் நீளும் மெதுவான சுழற்சியிலும் ஏறி இறங்குவது தெரிந்தது. பலரிடம் அந்தச் சுழற்சி 20 முதல் 30 நாள். அந்த ஏற்றத்தில்தான் வலிப்புகள் குவிந்தன. வலிப்பு எப்போது வரும் என்று தெரியாமல் அஞ்சி வாழும் குடும்பங்களுக்கு இதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு அண்மையில் வந்ததாக நான் கருதவில்லை. மருத்துவமனையில் ஒரு வாரம் படுக்க வைத்து ஆயிரம் மின்முனைகளால் பதிவுசெய்தாலும் 25 நாள் சுழற்சி அகப்படாது. நான்கு தடங்கள் பல ஆண்டுகள் உயிரோடு இருந்ததால் அகப்பட்டது.

இனி தூண்டலுக்கு வருவோம். கம்பியில்லாமல் மூளையைத் தூண்டுவது புதுமையன்று. 1963-இல் ஸ்பெயினின் கோர்தோபாவில் யேல் பல்கலைக்கழகத்தின் ஹோஸே தெல்காதோ பாய்ந்து வந்த காளையை ரேடியோ மூலம் நிறுத்திக் காட்டினார். 1987-இல் பிரான்சின் கிரனோபிளில் அலீம் லூயி பெனாபித் தொடங்கிய ஆழ்மூளைத் தூண்டல் இன்று பார்க்கின்சன் நோய்க்கு நிலைபெற்ற சிகிச்சை. பலரும் நினைப்பது இது: தூண்டலே மின்சாரத்தை விழுங்குகிறது, பதிவுச் சுற்றில் மிச்சம் பிடித்து என்ன பயன்? கணக்கிட்டுப் பாருங்கள். 3 மில்லியாம்பியர் மின்னோட்டம், ஒரு துடிப்புக்கு 60 மைக்ரோவினாடி, வினாடிக்கு 130 துடிப்பு, திசுவின் மின்தடை சுமார் 1,000 ஓம். இடைவிடாமல் தூண்டினாலும் திசுவுக்குள் போய்ச் சேரும் சராசரித் திறன் சுமார் 70 மைக்ரோவாட். முன்பு பார்த்த 2003-ஆம் ஆண்டுப் பெருக்கி ஒன்றின் செலவே இதைவிட அதிகம். அந்தத் துடிப்பை உண்டாக்கும் சுற்றில் ஏற்படும் இழப்பையும் சேர்த்துக்கொண்டால் பேட்டரியிலிருந்து இழுப்பது கூடும், ஆனாலும் அது மைக்ரோவாட் கணக்கிலேயே நிற்கும். 2013-இல் லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் எட்டு நோயாளிகளிடம், நோயோடு கூடும் பீட்டா அலையைக் கண்டால் மட்டும் தூண்டும் முறையைச் சோதித்தார்கள். தூண்டல் நேரம் 56 சதவீதம் குறைந்தது, உடலசைவு தொடர் தூண்டலைவிட மேம்பட்டது. 2025 பிப்ரவரியில் இந்தத் தகவமைப்பு முறைக்கு அமெரிக்க அனுமதியும் வந்துவிட்டது. இதில் மிச்சமாவது ஒரு பக்க மூளைக்குச் சில பத்து மைக்ரோவாட். கவனித்து முடிவெடுக்கும் சுற்று அதைவிட அதிகமாகச் செலவழித்தால் மிச்சம் என்ற பேச்சே இல்லை. ஆகவே மூளையைக் கேட்டுத் தூண்டும் கருவிக்குக் குறைமின் பதிவு ஓர் ஆடம்பரமல்ல, அடித்தளம். அதோடு தூண்டல் வோல்ட் கணக்கில் நடக்கும்போது பக்கத்திலேயே மைக்ரோவோல்ட்டைக் கேட்க வேண்டும். பத்து லட்சம் மடங்கு பெரிய ஓசைக்கு நடுவே பெருக்கி திக்குமுக்காடாமல் இருக்க வேண்டும், அதுவும் சில மைக்ரோவாட்டில். இத்துறையின் கடினமான பொறியியல் இங்கேதான் இருக்கிறது. ஊசிகளை எண்ணுவதில் இல்லை.

ஆராய்ச்சியாளர்களிடமிருந்து வரும் ஆட்சேபம் வேறு வகை. மூளையின் மொழி நமக்கு இன்னும் முழுதாகத் தெரியாது, தெரியாததை எப்படிச் சுருக்குவது, இன்று கழித்ததில் நாளைய கண்டுபிடிப்பு இருந்தால் என்ன செய்வது என்கிறார்கள். கவலை நியாயமானது. அதற்காகவே நியூரோபிக்ஸல் போன்ற ஆய்வகக் கருவிகள் இருக்கின்றன. ஒரே மெல்லிய தண்டில் 960 பதிவிடங்கள், ஒரே நேரத்தில் 384 தடங்கள், கேபிள் வழியாக முழுத் தரவு. அவற்றைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் கேபிளில் கட்டிய எலியும் தலை இறுக்கப்பட்ட எலியும் தடையில்லாமல் செய்ய முடியாத காரியங்கள் ஏராளம். வளைக்குள் நுழைவது, குட்டிகளோடு சுருண்டு படுப்பது, மற்றோர் எலியைத் துரத்திக்கொண்டு போவது போன்றவை அவை. இவற்றை ஆராய ஏற்ற வழி சுண்டெலியின் தலையில் பொருத்தும் கம்பியில்லாக் கருவி. 25 கிராம் எலியின் தலையில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமத்தக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. இரண்டரை கிராமுக்குள் பேட்டரி, சிப், மின்முனை எல்லாம் அடங்க வேண்டும். மின்செலவைப் பாதியாக்கினால் பதிவு நேரம் இரட்டிப்பாகிறது. ஒரு மணி நேரப் பதிவு ஒரு முழுத் தூக்கத்தின் பதிவாக நீள்வது இப்படித்தான். மேலும், சுருக்குவது என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று பொருளல்ல. ஆர்.என்.எஸ். கருவியே நாள் முழுக்கச் சுருக்கக் குறிப்புகளை எழுதிவைத்து, முக்கியமான நேரத்தில் மட்டும் மூல அலையைச் சேமிக்கிறது. தேவைப்படும்போது முழுத் தரவுக்குச் சாளரத்தைத் திறக்கவும், மற்ற நேரத்தில் மூடவும் தெரிந்த கருவிதான் ஆராய்ச்சிக்கு வேண்டியது.

பேட்டரித் தொழில்நுட்பம் முன்னேறும், டிரான்சிஸ்டர்கள் சிறிதாகும், காலம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்போருக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லலாம். பேட்டரி எவ்வளவு முன்னேறினாலும் வெப்பத்தின் எல்லை நகராது. அந்த எல்லையை வைத்தது உடல். கணக்கிடும் சுற்றுகளுக்கு டிரான்சிஸ்டர் சிறிதாவது உதவும். இரைச்சலுக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலான விதியை அது மாற்றாது. கம்பியில்லாமல் மின்சாரத்தை உள்ளே அனுப்பினாலும் திசு அதில் ஒரு பகுதியை உறிஞ்சிச் சூடாகும்.

குறைந்த மின்சாரத்தில் என்ன முடியும் என்பதற்கு ஐரோப்பாவில் சான்று இருக்கிறது. கிரனோபிளின் கிளினாடெக் மையம் உருவாக்கிய விமஜீன் கருவியில் பேட்டரியே கிடையாது. தலைக்கு வெளியே வைக்கும் சுருளிலிருந்து மின்சாரத்தைப் பெற்றுக்கொள்கிறது. மூளைக்குள் ஊசி குத்தாமல், மூளையுறையின் மேல் அமரும் 64 தட்டையான மின்முனைகள். 2019-இல் கைகால் செயலிழந்த இளைஞர் ஒருவர் இப்படி இரண்டு கருவிகளோடு உடல்சட்டக ரோபோவை நடத்தினார். ரேடியோவின் தரவு வேகம் போதாததால் ஒவ்வொரு கருவியிலும் 32 மின்முனைகளையே பயன்படுத்த முடிந்தது. பொருத்திய மின்முனைகளில் பாதி சும்மா கிடந்தன. 2023-இல் வெளியான லொஸான் ஆய்வொன்றில் இதே வகைக் கருவியைத் தண்டுவடத் தூண்டலோடு இணைத்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் விபத்தில் கால்கள் செயலிழந்த ஒருவர் நினைத்தபடி எழுந்து நின்றார், நடந்தார், படியேறினார். ஓர் ஆண்டுக்கு மேல் அமைப்பு நிலையாக வேலை செய்தது, அவர் வீட்டிலும்.

நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் இந்த வாதம் பணத்தையும் கத்தியையும் பற்றியது. சார்ஜ் செய்ய முடியாத ஆழ்மூளைத் தூண்டல் கருவியின் பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டில் தீரும். தீர்ந்தால் மார்பைத் திறந்து புதியது வைக்க வேண்டும், மறுபடி மயக்க மருந்து, மறுபடி தொற்று அபாயம், மறுபடி கருவியின் விலை. பெங்களூரு நிம்ஹான்ஸிலும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது. முதல் தடவை நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ சமாளித்த குடும்பம் ஐந்து ஆண்டு கழித்து இரண்டாம் தடவைக்கு எங்கே போகும்? சுற்றின் மின்செலவைக் குறைத்து ஐந்து ஆண்டைப் பத்தாக்கும் பொறியாளர் அந்தக் குடும்பத்துக்கு ஓர் அறுவைசிகிச்சையை மிச்சப்படுத்துகிறார். ஆயிரம் மின்முனையைப் பத்தாயிரமாக்குபவரால் அது ஆகாது.

ஆகவே இத்துறைக்கு நிதி கொடுப்பவர்களிடமும், இதைப் பற்றிச் செய்தி எழுதுபவர்களிடமும் கேட்டுக்கொள்வது இதுதான். ஒரு கருவியின் மின்முனை எண்ணிக்கையைச் சொல்ல வந்தவரிடம் அது எத்தனை மில்லிவாட் செலவழிக்கிறது, எவ்வளவு சூடாகிறது, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும், மனித உடலுக்குள் எத்தனை ஆண்டு வேலை செய்திருக்கிறது என்று கேளுங்கள். பதில் கிடைக்கும் வரை அந்த எண்ணைத் தலைப்பில் போடாதீர்கள்.